இடம் வலம்

பதினொரு வருடம் திரையில் கீறினேன்.
பிழைத்தால் ஒரு தட்டு; பிழையே இருந்ததில்லை.

இன்று குசினி மேசையில் லினோத் துண்டு.
உளி வழுக்கி
வள்ளத்தின் அணியம் போச்சு.
வெட்டினது வெட்டினதுதான்.
அந்த வெள்ளையைக் கொக்காக்கிவிட்டேன், வேறென்ன செய்ய.

மை உருட்டி, தாள் வைத்து
அகப்பை முதுகால் தேய்க்கத் தேய்க்க
"கறியை எதால கிண்டுறது?" என்கிறான் சுதர்மன்.

மெல்ல உரிக்கிறேன்.
மறந்தே போயிருந்தேன், இடம் வலம் மாறும்.
மூதூருக்குப் புறப்பட்ட வள்ளம்
திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது
நான் ஏற்றாத ஒருவரோடு:
நடுப்பலகையில்
என் பெருவிரல் ரேகை.

உப்புக்காற்று. மை காய நாளைக்கும் ஆகாது.
வேலியோரம் கொடி கட்டுகிறேன்.
"உயரக் கட்டு," உள்ளிருந்து சுதர்மன்,
"மான் வந்தால் கடதாசியும் தின்னும்."