எந்தக் கிணறு

நீலக் கோடு ஓடும் நியோன் மீன்களைத்தான் கேட்டேன்.
பன்னிரண்டு.
ஸ்ரான்லி வீதிக் கடையில் றெஜினோல்ட்
வலையை எடுக்கவில்லை.
"எந்தக் கிணறு?" என்றார்,
இன்னாற்றை மகளோ என்று விசாரிக்கும் குரலில்.

"திருநெல்வேலி. பால்பண்ணைக்குக் கிட்ட."

"கேத்திலுக்கை பாத்திருக்கிறியளோ?"

பார்த்திருக்கிறேன்.
அடியில் முட்டைக்கோது போல வெள்ளை.
மாதம் ஒருமுறை தேசிக்காய்ப் புளி விட்டுச் சுரண்டுவேன்.

"அந்தச் சுண்ணாம்பு உந்த மீனுக்கு ஒத்துவராது தங்கச்சி.
மொலி கொண்டு போங்கோ, கப்பி கொண்டு போங்கோ.
உங்கட தண்ணிக்கெண்டே பிறந்ததுகள்."

மழைத்தண்ணீர் கலப்பேன் என்று சொல்லி
நியோனைத்தான் வாங்கினேன்.
அது பங்குனி.
மழை எங்கே?

எட்டு நாள். விடியும்போதெல்லாம்
ஒன்றோ இரண்டோ குறைந்தது.
மருந்துக்கடையில் குளிசை எண்ணிக் கொடுப்பவள் நான்,
கணக்குப் பிழைத்தால் சோறு இறங்காது.
கடைசி மீனைக் கறிவேப்பிலைக்கு அடியில் தாட்டேன்.
நீலம் அதற்கு முன்னமே
போய்விட்டிருந்தது.

திரும்பிப் போனபோது றெஜினோல்ட்
"சொன்னனான்தானே" என்று சொல்லவில்லை.
வலையை என் கையில் தந்தார்.
"நீங்களே பிடியுங்கோ.
மேல வந்து வாய் பிளக்கிறதை விடுங்கோ.
உப்புத் தூவின மாதிரிப் புள்ளி இருந்தா
அந்தத் தொட்டிப் பக்கமே போகாதேங்கோ.
செட்டையை ஒடுக்கிக்கொண்டு மூலைக்கை நிக்கிறதைப்
பாவமெண்டு எடுத்தா
வீட்டில நிக்கிறதும் போகும்."

பாவம் பார்க்காமல் தெரிவு செய்ய
எனக்கு முக்கால் மணித்தியாலம் பிடித்தது.
கரும் மொலி ஆறு.
செம்மஞ்சள் வால் கப்பி எட்டு.
மூலையில் நின்றதை, கடை விட்டு இறங்கும்வரை,
திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

பையை அவிழ்க்காமல் தொட்டியில் மிதக்கவிட்டு
அரை மணித்தியாலம் பக்கத்தில் குந்தியிருந்தேன்.
உள்ளே றெஜினோல்டின் தண்ணீர்,
வெளியே என்னுடையது.
பிறகு கோப்பை கோப்பையாக அறிமுகம்.

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு சாப்பாடு.
கிழமைக்கு ஒருக்கால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்.
கரண்ட் நின்ற இரவில் காற்று மோட்டரும் நின்றது;
தேத்தண்ணி ஆத்துவது போலத் தொட்டியை
அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினேன்,
கை விட்டுப்போகும்வரை.

தாய் குஞ்சைத் தின்னும்.
அதை மட்டும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.
பாசியை அடர்த்தியாகப் போட்டேன்.
ஆவணிக்குள் கப்பிகள் தொட்டி கொள்ளாமல்
முற்றத்துச் சீமெந்துத் தொட்டிக்குக் குடிபெயர்ந்தன.

மார்கழியில் டெங்கு பார்க்க வந்தார் பீ.எச்.ஐ. துஷ்யந்தன்.
சிரட்டை, பூச்சாடித் தட்டு, தண்ணீர்த் தாங்கி,
கடைசியில் சீமெந்துத் தொட்டி.
டோர்ச் அடித்தார்.
சாப்பாடு என்று நினைத்து
வெளிச்சத்தடிக்கு அவ்வளவும் ஓடிவந்தன.
நுளம்புக் குடம்பி ஒன்றுகூட இல்லை.
தண்டம் எழுதும் புத்தகத்தை மூடிவிட்டு
"ஒரு இருபது தருவியளோ?" என்றார்.

பக்கத்து வளவுக் கிணற்றுக்கு.
கனகேந்திரன் ஆக்கள் டென்மார்க்கில்.
படலைத் திறப்பு ஒருவரிடமும் இல்லை.
மதிலில் ஏறி இருந்த துஷ்யந்தனுக்கு
நான் வாளியை நீட்டினேன்.
பையை மிதக்கவிட வேண்டுமா என்று கேட்டார்.
வேண்டாம் என்றேன். அதே பாறை, அதே தண்ணீர்.

ஆடியில் டென்மார்க்கிலிருந்து அழைப்பு.
ஆரோ படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.
"ஆரைக் கேட்டு எங்கட கிணத்துக்கை மீன் விட்டனீங்கள்?"

குடம்பி, டெங்கு, தண்டம்
எல்லாம் சொன்னேன்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
பிறகு,
"என்ன நிறம்?"

மதிலால் எட்டிப் பார்த்தேன்.
கப்பியைத் தன்பாட்டுக்கு விட்டால்
தலைமுறை தலைமுறையாக நிறம் கழன்றுபோகும் என்று
றெஜினோல்ட் சொன்னது சரிதான்.
ஆழத்தில் சாம்பலாய்
ஏதோ ஒரு கூட்டம் திரும்பிக்கொண்டிருந்தது.

"செம்மஞ்சள்" என்றேன்.
"வால் மட்டும்."