முந்நூறு அடி

வடசேரியிலிருந்து முதல் பஸ். நாலு பேர்.
டெல்பின் அவித்துக் கொண்டுவந்த மரச்சீனி
வாழையிலைக்குள் இன்னும் சூடாக இருந்தது
அழகியபாண்டியபுரத்தில் நாங்கள் இறங்கும்போது.

ரப்பர் மரங்கள் வரிசை குலையாமல் நின்றன.
சிரட்டைகளில் ராத்திரி மழை
பாலோடு கலந்து, எதற்கும் ஆகாமல்.
அதுவரை பேச மூச்சிருந்தது:
ஜெபசிங்கின் இடமாறுதல்,
என் வாடகை வீட்டின் மோட்டார்,
யாருக்கோ நின்றுபோன கல்யாணம்.

ஏற்றம் தொடங்கியதும்
பேச்சைத்தான் முதலில் இறக்கிவைத்தோம்.

வேர்களே படிகள். சில இடத்தில் அவையும் இல்லை,
கையையும் காலாக்கிக்கொள்ள வேண்டும்.
முன்னால் போன பகவதியப்பன்
ஒவ்வொரு திருப்பத்திலும்
"இன்னா வந்தாச்சு" என்றான்.
ஆறாவது முறைக்குப் பிறகு
யாரும் அவனை நம்பவில்லை. அவனும்.

அட்டைகளுக்கு மட்டும் களைப்பே இல்லை.
கிழங்குக்கென்று பொதிந்து வந்த உப்பு
எங்கள் கணுக்கால்களுக்கே தீர்ந்துபோனது.

பிறகு அந்தச் சத்தம்.
காற்று என்றுதான் நினைத்தேன்.
காற்றென்றால் இடையில் நிற்கும்.
இதற்கு உலக்கை என்று பெயர் வைத்தவன்
கண்ணால் பார்த்து வைத்திருக்க மாட்டான்,
இங்கே நின்று
காதால் வைத்திருப்பான்.

கடைசி வளைவில் வழுக்குப் பாறை.
இடது முழங்காலுக்குள்
ஏதோ ஒன்று மெல்ல 'ளொடக்' என்றது.
இன்னும் எவ்வளவு தூரம்?
முந்நூறு அடி என்றான் பகவதியப்பன்,
அன்றைக்கு அவன் சொன்ன ஒரே உண்மை.

"நீங்க போங்க மக்கா."
ஜெபசிங் தயங்கினான்.
நாலு பைகளையும் வாங்கி மடியில் அடுக்கிக்கொண்டேன்.

அவர்கள் மறைந்ததும் காடு கொஞ்சம் நெருங்கி வந்தது.
கருமந்தி ஒன்று என்னைப் பார்த்துவிட்டுத்
தின்றுகொண்டிருந்த தளிருக்கே திரும்பியது.
அழுகையா கோபமா என்று தெரியாத ஒன்று
தொண்டை வரை வந்து
கிழங்கைத் தின்றதும் போய்விட்டது, உப்பில்லாமலே.
பாறையில் உள்ளங்கையை வைத்தேன்.
லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது,
ஓடும் பஸ்ஸின் ஜன்னல் கம்பி போல.
எடுக்க மனமில்லை.

ஒரு மணி நேரம் கழித்து
உதடு நீலம் பாரித்து, கூவிக்கொண்டு இறங்கினார்கள்.
"வெள்ளம் எப்பிடிடீ?"
டெல்பின் பதில் சொல்லவில்லை.
குனிந்து, பின்னலை முன்னால் இழுத்து,
என் முழங்காலின் மேல்
முறுக்கிப் பிழிந்தாள்.
பல் கிட்டிப்போயிற்று எனக்கு.

இறக்கத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை,
பாதி உட்கார்ந்தே இறங்கினேன்.

சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்:
"அருவியில வெள்ளம் உண்டா?"

நாலு பேரில்
நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்:
"நெறய."