திருத்தக் குறிப்பு

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியருக்கு,
என்பதோடு நிற்கிறது கடிதம்.
நாகமலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது,
வாடகை வீட்டு மாடியில் தண்ணீர்த்தொட்டி
சொட்டத் தொடங்கிவிட்டது.

உங்கள் இதழின் பன்னிரண்டாம் தொகுதியில்
முப்பத்தொன்பது கிணறுகள் என்று எழுதியிருக்கிறோம்.
நாங்கள் வாளி இறக்கியது நாற்பதில்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன்.
சொல்வதில்லை என்பது அந்த மக்களிடம்
கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கு.
அதையாவது காப்பாற்றுகிறேன்.
உசிலம்பட்டிச் சாலையில் பிரிகிற ஒரு மண்தடம்,
முடிவில் புளியமரம், அதற்கும் அப்பால் கிணறு.
அந்த வீட்டு அம்மா முதலில் காப்பி கொடுத்தார்.
குடித்துவிட்டுத்தான் மாதிரி எடுத்தோம்.
அதே தண்ணீர்.

நாலு புள்ளி ஆறு.
மூன்று முறை வைத்தும் நாலு புள்ளி ஆறு ஃப்ளோரைடு.
சேர்த்தால் சராசரி ஒன்றரையைத் தாண்டும்.
விட்டால் ஒன்று புள்ளி நாலு ஏழு,
"பாதுகாப்பான வரம்புக்குள்" என்று முடிவுரை எழுதலாம்.
பாட்டிலைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டீர்கள்
என்றார் நெறியாளர்.
கழுவியது நான்.
அமிலத்தில் ஒருமுறை, வடிநீரில் மூன்றுமுறை.
தலையாட்டினேன்.

வரிசையில் முதல் பெயர் அவருடையது.
இரண்டாவது, துறைத்தலைவரின் மருமகன்;
மண்தடத்தை அவர் வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை.
மூன்றாவது நான்.
அந்த மூன்றாம் இடத்தைக் காட்டித்தான்
நேர்காணலில் இந்த வேலையை வாங்கினேன்;
இதையும் கடிதத்தில் எழுத வேண்டுமா, தெரியவில்லை.

நன்றியுரையின் கடைசி வரியில்
"வாகன உதவி: ஓச்சா காளி" என்று இருக்கும்.
அப்படி ஒருவர் இல்லை.
ஒச்சுக்காளை இருக்கிறார்.
வாளி இறக்கியது நாங்கள் என்றேனே, அதுவும் பிழை.
நாற்பதிலும் இறக்கியவர் அவர்.
டிவிஎஸ் ஐம்பதில் ஐஸ் பெட்டியைக் கட்டி
எனக்கு முன்னால் ஆய்வகம் சேர்ந்தவர்,
எண் எழுதிய ஒட்டுத்தாள் நனையாமல்
சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தவர்.

ஏடு ஒன்று எதிரேறிக் கரை சேர்ந்ததாம் இந்த வைகையில்.
பாலத்தில் பேருந்து நிற்கும்போதெல்லாம் பார்க்கிறேன்,
கோரையும் பாலித்தீன் பையும்தான்.
எதிரேறவும் தண்ணீர் வேண்டும்.

கடிதத்தை விட்டுவிட்டு அவருக்குப் போன் போட்டேன்.
அண்ணே, அந்தப் புளியமரத்துக் கிணறு
என்று தொடங்கியதுமே சிரித்தார்.
"அதுல ரெண்டு வருசமா யாரும் குடிக்கிறதில்லம்மா.
மெஷின்ல நம்பரு நிக்கும்போது நானும்தான நின்னேன்?
மறுநாளே போய்ச் சொல்லிட்டேன்.
துணி தொவைக்க மட்டும் எடுக்குறாங்க."

மூன்று பேர் எழுதி மறைத்ததை
ஒருவர் வண்டியை மிதித்துப் போய்
வெளியிட்டிருக்கிறார்.

உங்க பேரையும் ஆசிரியராச் சேர்க்கச் சொல்லி
எழுதப்போறேன் என்றேன்.
கொஞ்ச நேரம் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது.
"எழுதுனா எழுத்துப்பிழை இல்லாம எழுதுங்க.
அந்த நம்பரையும்."

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியருக்கு,
ஒ, ச், சு, க், கா, ளை.
நாலு புள்ளி ஆறு.
கீழே நகல் என்ற இடத்தில்
நெறியாளரின் முகவரியைத் தட்டுகிறேன்.
ஒவ்வொரு எழுத்தும் இரண்டு தடவை விழுகிறது,
அழித்து அழித்து.