அறுநூத்திப் பதினாலு

பூத் சிலிப்பு ரெண்டு வந்திச்சு.
எனக்கொண்ணு, அவருக்கொண்ணு.
கொண்டாந்த டீச்சரம்மா
"ஆள் வீட்ல இருக்காராம்மா?"ன்னாங்க.
செதிலு ஒட்ன கையால வாங்கிக்கினு
"வேலைக்குப் பூட்டாரு"ன்னேன்.
பதினோரு மாசமா அதே வேலை தான்.

காசிமேடு ஏலக்கூடத்தாண்ட ஒரு அடிதடி.
ஏ ஒண்ணு கஜபதி.
ஏ நாலு என் வூட்டுக்காரர் தேசப்பன்.
ஒருத்தன் மண்ட ஒடஞ்சப்ப
இவரு ஐஸ் பொட்டிய வச்சிக்கினு
பக்கத்துல நின்னாராம்.
நின்னதுக்கும் ஒரு செக்‌ஷன் கீது.

கஜபதி நாப்பதாம் நாளு வெளிய வந்தான்.
எங்களுக்கும் ஜாமீன் குட்தாங்க, இல்லேங்கல.
ரெண்டு பேர் ஷூரிட்டி,
வீட்டு வரி ரசீதோட.
எங்க குப்பத்துல யாராண்ட கீது ரசீது?
இங்க வூடு கீதுன்றதே
கவர்மெண்டுக்கு எலெக்‌ஷனப்ப தான் தெரியும்.

இப்ப கஜபதி நிக்கிறான். சுயேச்சை.
சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்பு சின்னம்.
ஜீப்புல நின்னும் கும்புட்டான்,
சாக்கடயத் தாண்டி வந்தும் கும்புட்டான்.
"அண்ணி, ரெண்டு ஓட்டும் நம்பளுக்கு."
ரெண்டா?
அவனுக்கு ஞாபகம் இல்லியா, இல்ல
எனக்குத் தான் அதிகமா ஞாபகமா?

மேல கேஸ் கீதுன்னு எழுதிக் குட்தா
நிக்கலாமாம்.
அதே கேஸுல உள்ள கீறவன்
பட்டன் அமுக்கக் கூடாதாம்.
வக்கீலு சொன்னாரு.
சொல்லிட்டு கண்ணாடியக் கழட்டித்
தொடச்சிக்கினே இருந்தாரு.

புழல்ல மனு பாக்கும்போது இத்தச் சொன்னேன்.
"குண்டாஸ்ல கீறவனுக்குத் தபால் ஓட்டு உண்டாம்"ன்னாரு.
"கொஞ்சம் பெரிய ரவுடியா
இருந்து தொலச்சிருக்கணும் நானு."

ஓட்டன்னிக்கு
கார்ப்பரேஷன் ஸ்கூலு, ரெண்டாங்கிளாஸ் ரூமு.
செவுத்துல அணில், ஆடு, இலை.
வரிசையில முன்னாடி நின்ன பொண்ணோட கொழந்த
என் முந்தானயப் புடிச்சி இழுத்துக்கினே இருந்திச்சு.
"அறுநூத்திப் பதிமூணு"ன்னு கூவுனாங்க.
நான் தான்.
என் போட்டோ மேல செவப்புல கோடு போட்டாங்க,
நம்பரச் சுத்தி ஒரு வட்டம்.
பக்கத்துக் கட்டத்துல
மீசையோட அவரு.

அவரு மேலயும் கோடு.
மை காஞ்சி போயிருந்திச்சு.
அப்ப மணி பதினொண்ணு கூட ஆவல.

"இன்னா சார் இது"ன்னு வாய் வரிக்கும் வந்திச்சு.
பெஞ்சுல கஜபதி ஆளு
ஸ்கேல வச்சிக்கினு என்னியே பாத்தான்.
பின்னால வரிசை நெட்டிச்சு.
வெரல நீட்டிட்டேன்.

அடுத்த மனுவுல கம்பி வலைக்கி அந்தாண்ட
அவரு என் வெரலத் தான் மொதல்ல பாத்தாரு.
ரெண்டு பக்கமும் நூறு பேரு கத்துற சத்தம்.
நானும் கத்துனேன்:
"ஒன் ஓட்ட எவனோ போட்டுட்டான்யா."
"இன்னாது?"
"ஒன் ஓட்டு. போட்டாச்சு."

ஒரு நிமிசம் ஒண்ணும் பேசல.
அப்பால சிரிச்சாரு.
பதினோரு மாசத்துல அந்தப் பல்ல
இப்ப தான் பாக்கறேன்,
ஒண்ணு கொறஞ்சிருந்திச்சு.
"அப்ப நான் வெளிய தான் கீறனா?"ன்னாரு.
"எங்கனா பாத்தீன்னா
வூட்டுக்கு வரச் சொல்லு."

பல்லு எப்டிப் போச்சுன்னு கேக்கறதுக்குள்ள
விசில் ஊதிட்டாங்க.