பந்துக்கும் கழிவு

ஏப்ரல் லீவில் பத்து நாள்.
மஸ்கெலியாவுக்கு மேலே, கீழ்ப்பிரிவுப் பிரட்டுக்களத்தில்
பிள்ளைகள் பத்தொன்பது பேர்,
கையுறை பதினொன்று.
அத்தனையும் இடக்கைக்குத் தைத்தவை.
இடக்கையால் எறியும் ரொஷாந்தினி மட்டும்
வலக்கையில் தலைகீழாய் மாட்டிக்கொண்டு
கட்டைவிரலுக்கு இடமில்லாமல் பிடிக்கிறாள்.
பிடிக்கிறாள் என்பதுதான் செய்தி.

நான் உதவிக் கோச்.
மற்ற நாளில் ஹட்டனில் ரீலோட் கடையில் நிற்பவள்.
பெரிய கோச் நில்மினி குருநாகல்காரி,
அவளிடம் இருந்த தமிழ் நான்கு சொல்:
ஓடு. பாரு. விடு. சாப்பிட்டியா.
முதல் நாள் பந்து உயரப் போனபோது
பதற்றத்தில் "சாப்பிட்டியா!" என்று கத்தினாள்;
கீழே நின்ற சுபாணி
"இன்னும் இல்ல மிஸ்" என்றாள். பந்து தலையில் விழுந்தது.

மைதானம் என்றால் சமதரை என்று
விதிப்புத்தகம் எழுதியவர் நினைத்திருக்கிறார்.
எங்கள் இரண்டாம் பேஸ் ஒரு கொழுந்துச் சாக்கு,
மூன்றாவதுக்கு இறக்கம்,
ஹோமுக்கு ஏற்றம்.
தேயிலைக்குள் போன பந்துக்கு இரண்டு ஓட்டம்.
எடுக்கப் போனவள் காலில் ஏறும் அட்டை
ஆட்டக் கணக்கில் வராது.

விடிந்ததும் இதே களத்தில் பெயர் கூப்பிட்டு
அம்மாமாரை மலைக்கு அனுப்புகிறார்கள்.
எட்டு மணிக்கு அதே இடத்தில் பிள்ளைகள் நிற்க
நான் பெயர் கூப்பிடுகிறேன்.
ஒருநாள் கேஷாந்தி கேட்டாள்:
"மிஸ், மத்தியானத்தோட போனா அரப்பேரா?"
எல்லாரும் சிரித்தார்கள், நானும்.
நில்மினிக்கு அதை மொழிபெயர்க்கவில்லை.

ஐந்தாம் நாள் கேஷாந்தியைக் காணோம்.
கீழ்க்கை எறிதலில் அவளுக்கு ஈடு யாருமில்லை;
இடுப்பை உரசிக் கிளம்பும் பந்து
மூக்குக்கு முன்னால் வந்துதான் கண்ணில் படும்.
மூன்றரைக்கு வந்தாள்.
ஞாயிறு. கைக்காசுக் கொழுந்து.
விரலிடுக்கெல்லாம் கறை.
பிந்தினால் இரண்டு சுற்று, அது சட்டம்.
நில்மினி கையை நீட்டினாள்: "ஓடு."
எனக்குக் கோபம் தொண்டைவரை வந்து
சிங்களத்தில் சொல் தேடிக்கொண்டிருக்கும்போதே
இரண்டையும் முடித்து
மூன்றாவதும் ஓடி வந்து நின்றாள்.
"முதுகுல ஒண்ணுமில்லாம ஓடுறது
சொகமா இருக்கு மிஸ்."

இதை மொழிபெயர்த்தேன்.
நில்மினி ஏற்கெனவே சுத்தமாயிருந்த பந்தை
நெடுநேரம் துடைத்தாள்.
மறுநாளும் சட்டம் அப்படியேதான் இருந்தது.
பயிற்சி மட்டும் நாலு மணிக்கு என்றாள்.

நாலு மணிக்கு மூட்டம் இறங்கிவிடும்.
பந்தைப் பார்க்க முடியாது, கேட்கலாம்:
மட்டையில் ஒரு டொக்,
பிறகு ஒன்றுமில்லை,
பிறகு எங்கிருந்தோ "எனக்கு! எனக்கு!"
யாரென்று தெரியாமலே
மற்றவர்கள் வழிவிட்டு நிற்பார்கள்.

கடைசி நாள், கடைசிப் பந்து.
ரொஷாந்தினி அடித்தாள். டொக்.
"எனக்கு" என்று ஒருத்தியும் சொல்லவில்லை.
டோர்ச் அடித்துத் தேடியும் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து
பன்னிரண்டாம் நம்பர் மலையில்
அவளுடைய பெரியம்மாவின் மட்டக்கம்பு பட்டு உருண்டதாம்.
கூடையில் போட்டவர் மறந்துவிட்டார்.
கொழுந்தோடு தராசுக்குப் போயிருக்கிறது.
கணக்கப்பிள்ளை வெளியே எடுத்து வைத்தாராம்.
பந்து நூற்றெண்பது கிராம்.
கழித்தது ஒரு கிலோ.

போனில் சொன்னது கேஷாந்தி.
சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமலிருந்தாள்.
"ஆகஸ்ட் லீவு வரைக்கும்
பந்த நாங்களே வச்சிக்கவா மிஸ்?"

கடையில் ஒருத்தர்
ஐம்பது ரூபாய்க்கு ரீலோட் கேட்டு நின்றுகொண்டிருந்தார்.
நம்பரைப் பிழையாக அடித்தேன்.