விழுந்த உயரம், சென்டிமீட்டரில்

படிவத்தின் நான்காம் கேள்வி அது.
அம்மாக்கள் கையால் பதில் சொல்வார்கள்.
"இவ்ளோ இருக்கும் மேடம்" என்று
காற்றில் ஒரு கை நிற்கும்,
இன்னொன்று பிள்ளையின் கட்டுப் போட்ட தலையில்.
நிற்கும் கையைக் கண்ணால் அளந்து
எண்பது என்று எழுதுவேன்.
கை நடுங்கினால்
எண்பதா, எழுபதா?

இரவு இரண்டேகால். அவசரப் பிரிவு.
ஆய்வு உதவியாளர் என்று கழுத்தில் அட்டை.
ஊசியைத் தொடக் கூடாது நான்.
கேட்கலாம், எழுதலாம்.
கேட்கக் கூடாத நேரத்தில் கேட்பதற்குத்தான்
சம்பளம்.

கண் திறக்கிறதா, நான்குக்கு எத்தனை.
பேச்சு, ஐந்துக்கு.
அசைவு, ஆறுக்கு.
எதுவுமே செய்யாத பிள்ளைக்கும்
மூன்று உண்டு.
பூஜ்யமே கிடையாது இந்தப் பரீட்சையில்.
நல்ல மனசுக்காரர் யாரோ
போட்ட கணக்கு என்று நினைத்திருந்தேன்,
மூன்று வாங்கிய ஒருத்தியை
விடிகாலையில் துணி சுற்றிக் கொண்டுபோகும்வரை.

காரணத்துக்குப் பெட்டிகள் இருக்கின்றன, டிக் போட:
கட்டில், மாடிப்படி, வாகனம், மற்றவை.
கண்ணகி நகர் மூன்றாம் மாடியின்
கம்பியில்லாத ஜன்னல் எந்தப் பெட்டி?
பெட்ரோல் டேங்க் மேல் மகளை உட்காரவைத்து
ஓட்டி வந்தது வாகனம், சரி.
ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே
என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே அப்பா,
கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு,
அதை எங்கே எழுத?

கட்டிலிலிருந்து விழுந்ததாகச் சொல்பவர்களில்
சிலர் வீட்டில் கட்டிலே இருக்காது.
சொன்னதை எழுது என்பார் பேராசிரியர்,
சந்தேகத்தை ஓரத்தில், பென்சிலால்.
எனக்குப் பென்சில் சீக்கிரம் தீர்கிறது.

லோகித். வயது ஏழு. வியாசர்பாடி.
தண்ணி லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவன்.
ஸ்கேனில் நகக்கண் அளவுக்கு வெள்ளைப் பிறை.
கத்தி வைக்க வேண்டாம் என்றார்கள்.
நாலாம் நாள் பதினைந்துக்குப் பதினைந்து.
"இவன் வாங்கின மொத ஃபுல் மார்க்கு" என்று
தேன்மொழி சிரித்தாள், அவன் அம்மா.

ஆறாம் மாதம் போன் செய்ய வேண்டும்.
பாதி எண்கள் இப்போது வேறு யாரோ.
ராங் நம்பர் என்று கத்திய ஒருவர்
வைப்பதற்கு முன் கேட்டார்,
"கொழந்த நல்லா ஆயிடுச்சா?"

தேன்மொழி எடுத்தாள்.
தலைவலி? இல்லை.
வாந்தி, வலிப்பு? இல்லை.
ஸ்கூல்? போறான்.
திரையில் பச்சை விழுந்தது.
வைக்கப் போனேன்.
"ஒண்ணு மேடம்.
டிவி போட்டா காதப் பொத்திக்கிறான்.
ஏழாம் வாய்ப்பாடு தண்ணியா சொல்லுவான்,
இப்ப ஏழஞ்சுல நின்னுடறான்.
தட்டத் தூக்கி அடிக்கிறான்.
டீச்சர் திமிருன்றாங்க.
அவங்கப்பா அடிக்கிறாரு,
தலையில இல்ல மேடம், முதுகுலதான்,
தலைல படாம நான் பாத்துக்கறேன்."

திமிருக்குப் பெட்டி இல்லை.
நடுவில் கேள்வியை மாற்றக் கூடாது என்றார் பேராசிரியர்,
மாற்றினால் எண்களை யாரும் நம்ப மாட்டார்கள்.
அவர் சொல்வது சரி.
அதுதான் எரிச்சலாக இருந்தது.

அன்று ராத்திரி ஓரங்களை மட்டும் படித்தேன்.
கோபம். மறதி. சத்தம் ஆகாது.
கோபம். தூக்கமில்லை. கோபம்.
என் கையெழுத்து நாற்பத்தொரு இடத்தில்
ஒரே பிள்ளையைப் பற்றி எழுதியதுபோல் இருந்தது.
வெள்ளைத்தாளில் பேனாவால் எடுத்தெழுதி
அவர் மேஜையில் வைத்தேன்.
என்ன செய்வார் என்று தெரியாது.

பிறகு, எந்தப் படிவமும் கேட்காத ஒரு போன்.
அப்பா எடுத்தார்.
"சார், லோகித் வேணும்னு பண்ணல.
உள்ள பட்ட அடி இன்னும் ஆறல.
திமிரு இல்ல சார் அது."
"யாரு நீங்க, டாக்டரா?"
"இல்ல. படிவம் எழுதுறவ."

பதில் இல்லை. வைக்கவும் இல்லை.
பின்னால் ஏதோ விளம்பரம் அலறிக்கொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் கழித்து
யாரோ டிவி சத்தத்தைக்
குறைத்தார்கள்.