மூணாம் கேட்

எங்களையும் மாநகராட்சியோடு சேர்க்கிறார்களாம்.
ரேஷன் கடையில் பில் போடுகிறவள்,
கையெழுத்து பார்க்கும்படி இருக்கும் என்று
படிவத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனான் டில்லிபாபு.
ஊர் தோன்றிய ஆண்டு: நான்கு கட்டங்கள்.
பெயர்க் காரணம்: ஒன்றரை வரி.

ஆண்டு தெரியாது.
பெயர் மூணாம் கேட்.
ரயில்வே கணக்கில் இது ஏழாம் நம்பர்.
அப்புறம் ஏன் மூணாம் கேட் என்றால்
ஊரில் மூன்று பதில் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை உண்டு.
உப்புக் கம்பெனிக்கு மூன்று வாசல்;
துரைக்கு ஒன்று, மாட்டுவண்டிக்கு ஒன்று,
கூலிக்கு நிற்பவர்களுக்கு மூன்றாவது
என்பார் கன்னியப்பன்.
எண்ணூரிலிருந்து நடந்து வந்தால்
மூன்றாவதாக மூடியிருக்கிற கேட் இது
என்பது வெங்கடம்மா கட்சி.
மூன்றாவது பதிலைச் சொன்னவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.
என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் நினைவில்லை.
ஆனால் அதுதான் சரி என்பதில்
இரண்டு கட்சிக்கும் ஒரே கருத்து.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
முதலில் ஊர் இல்லை.
கேட் மூடியிருந்தது, ஆட்கள் நின்றார்கள்.
நிலக்கரி வண்டிக்கு ஐம்பத்தெட்டுப் பெட்டி.
எண்ணி முடிப்பதற்குள் யாருக்கோ தாகம் எடுத்தது,
யாரோ ஒரு பானை வைத்தார்கள்.
பானைக்கு மேல் கீற்று, கீற்றுக்கு அடியில் டீ,
டீக்குக் கடன்.
கடன் இருந்ததால் மறுநாளும் வந்தார்கள்.
நூர்ஜகானின் அப்பா பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தவர்
எழுந்து போகவே இல்லை.

பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவிலிருக்கும் சந்தில்
இந்தப் பக்கத்துப் பெண்ணும் அந்தப் பக்கத்துப் பையனும்
பார்த்துக்கொண்டதில் முடிந்த கல்யாணம் பதினொன்று.
ஒன்றுதான் கோர்ட்டுக்குப் போனது.
ஷேர் ஆட்டோவிலேயே பிறந்துவிட்ட பிள்ளைக்கு
கேட் கீப்பர் எபினேசரின் பெயரையே வைத்தார்கள்.
அவன் வளர்ந்து எதற்குமே காத்திராதவன் ஆனான்;
வேண்டுமானால் ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்.
அதே இடத்தில் இன்னொரு ஆட்டோவில்
நெஞ்சைப் பிடித்தபடி பாக்கியம் அக்கா.
அன்றைக்கும் ஐம்பத்தெட்டு.
நான் எண்ணினேன்.
இதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

முக்கியத் தொழில் என்கிறது அடுத்த வரி.
உப்பு. பிறகு கரி.
பிறகு, ஐ.டி. கார்டு இல்லாத கான்ட்ராக்ட் வேலை,
எந்தக் கம்பெனி என்று கேட்டால்
"உள்ள" என்று சொல்வார்கள்.
உலர்த்திய துணியில் சாம்பல் படிந்தால்
உதறிவிட்டு மறுபடி உலர்த்துவோம்.
வெள்ளத்தோடு எண்ணெய் வந்த வருடம்
எல்லாச் சுவரிலும் இடுப்பளவில் ஒரு கறுப்புக் கோடு.
சுண்ணாம்பு அடித்தும் மேலே வந்துவிடுகிறது.
பிள்ளைகள் அதில்தான் உயரம் பார்க்கிறார்கள்:
கோட்டைத் தாண்டியவன் தனியாகக் கடைக்குப் போகலாம்.

இந்த ஊரின் குணம் என்னவென்று படிவம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால், வாங்கின கடனை மறுக்காது,
உடனே கொடுக்கவும் கொடுக்காது
என்று எழுதியிருப்பேன்.

மேம்பாலத்துக்கு ஒன்பது வருடம் தூண் மட்டும் நின்றது.
பிறகு ஒரு ராத்திரியில் திறந்துவிட்டார்கள்.
கேட்டை வெல்டிங் வைத்து மூடினார்கள்.
டீக்கடை பாலத்துக்கு அடியில் இருட்டில் இருக்கிறது,
இறங்கி வர யாருக்கும் காரணமில்லை.
ஆனாலும் கீழே கரி வண்டி ஊதினால்
பாலத்தின் நடுவில் பைக்கை நிறுத்திவிடுகிறார்கள்
எங்கள் ஆட்கள்.
பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான், தாயைப் பழிக்கிறான்.
அவன் வெளியூர் என்று தெரிந்துவிடும்.

நான்கு கட்டத்தில் 0058 என்று எழுதிக் கொடுத்தேன்.
இதை கம்ப்யூட்டர் எடுக்காது அக்கா என்கிறான் டில்லிபாபு.
பின்னால் லைனில் பாமாயிலுக்கு நிற்பவர்கள்
எட்டிப் பார்த்தார்கள்.
யாரும் தப்பு என்று சொல்லவில்லை.